மன்னிப்பு வேணாம்னு சொன்னவன்

கேம் ஆஃப் த்ரோன்ஸ் சீரிஸ்ல ஒரு சீன். சவரக்கத்தி தியோன் கையில இருக்கு. நாற்காலில சாஞ்சு, கழுத்தை நல்லா நீட்டி உக்காந்திருக்கறது ராம்சே. தியோனை மாசக்கணக்குல சிலுவை மாதிரி ஒரு மரச்சட்டத்துல கட்டி வச்சு, தோலை உரிச்சு, விரலை வெட்டி, ஆண்மையை அறுத்து, கடைசியா பேரையும் பிடுங்கிட்டு ‘ரீக்’னு கூப்பிடற அதே ராம்சே. ஷேவ் பண்ணி விடுன்னு கத்தியை அவன் கையிலயே குடுக்கறான். பக்கத்துல ராம்சேயோட அப்பா ரூஸ் போல்டன் நிக்கிறான். பாதி ஷேவிங்ல, ஊர் நியூஸ் சொல்ற மாதிரி ராம்சே சொல்றான், ராப் ஸ்டார்க் செத்துட்டானாம், உனக்கு அண்ணன் தம்பி மாதிரியாச்சே, எங்கப்பாதான் நெஞ்சுல கத்திய எறக்குனாரு, உனக்கு எப்படி இருக்கு?

தியோன் கை நிக்குது. கத்தி ராம்சே கழுத்து மேலயேதான் இருக்கு, ஒரு இழுப்பு இழுத்தா போதும். முகத்துல என்னமோ ஒண்ணு வந்து போகுது, கண்ணு கலங்குது, உதடு நடுங்குது, அப்புறம் கை மறுபடி மெதுவா வழிக்க ஆரம்பிக்குது. அவ்ளோதான் சீன்.

சீசன் 4, ரெண்டாவது எபிசோட், 2014 ஏப்ரல்ல வந்தது. அந்த எபிசோட்னாலே எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ராஜா ஜாஃப்ரி கல்யாண விருந்துல விஷம் குடிச்சு சாகறதுதான், ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்த சாவு அது. எனக்கு அந்த எபிசோட்னா இந்த ஷேவிங் சீன்தான். துரோகம் பண்ணவன் படற வேதனையை நான் எத்தனையோ சீரியல்ல பாத்திருக்கேன், அழுவாங்க, கால்ல விழுவாங்க, பின்னாடி வயலின் வாசிக்கும். இங்க ஒருத்தன் தன் நண்பனோட சாவுச் செய்தியைக் கேட்டுட்டு அழக்கூட உரிமை இல்லாம நிக்கிறான், ஏன்னா அந்த நண்பனை முதல்ல முதுகுல குத்துனது அவன்தான்.

சீரிஸ் பாக்காதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். தியோன் கிரேஜாய் கடல் கொள்ளைக்காரங்களோட தீவுகள்ல பொறந்தவன். அவங்கப்பா பேலன் கிரேஜாய் ராஜாவுக்கு எதிரா கலகம் பண்ணித் தோத்துப் போறாரு, பெரிய பசங்க ரெண்டு பேரும் அதுல செத்துடறாங்க, மிச்சம் இருந்த கடைசிப் பையனை, வடக்கை ஆள்ற பிரபு நெட் ஸ்டார்க் பணயக்கைதியா தன்னோட விண்டர்ஃபெல் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறாரு. கைதின்னா சங்கிலி போட்ட கைதி இல்ல, நெட்டோட பசங்ககூட சேர்ந்து சாப்பிட்டு, வில்வித்தை கத்துக்கிட்டு, வேட்டைக்குப் போயி வளர்றான். ஆனா அப்பன் மறுபடி கலகம் பண்ணா இவன் தலை போகும், இது அந்த வீட்ல எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஒரே தட்டுல பாசமும் கத்தியும் வச்சு வளர்த்த பிள்ளை அவன்.

நெட் ஸ்டார்க்கோட தலையை வெட்டுனப்புறம் மூத்த மகன் ராப்பை வடக்கோட ராஜான்னு எல்லாரும் சேர்ந்து அறிவிக்கறாங்க. அப்ப தியோன் மண்டி போட்டு, நான் உன் சகோதரனா, இப்பவும் எப்பவுமான்னு கேக்கறான். இப்பவும் எப்பவும்னு ராப் சொல்றான். சீசன் 1 கடைசி எபிசோட். அந்தக் கேள்வியை அவன் ஏன் கேக்கணும்? சகோதரன்னு நிச்சயமாத் தெரிஞ்சவன் கேப்பானா? முதல் தடவ பாக்கும்போது சும்மா வீரவசனம் மாதிரி காதுல விழுந்துட்டு போயிடும், முழுக்கதையும் தெரிஞ்சப்புறம் பாத்தா அந்த ஒரு கேள்விக்குள்ளயே பின்னாடி வரப்போற எல்லாமும் இருக்கு.

சீசன் 2ல, அம்மா கேட்லின் வேணாம் வேணாம்னு சொல்லியும், கப்பல் உதவி கேக்க ராப் தியோனைத்தான் அவங்க அப்பாகிட்ட அனுப்பறான். ஒம்பது வருஷம் கழிச்சு ஊருக்குப் போற பையன், அப்பா கட்டிப்பிடிப்பாருன்னு நெனச்சுப் போறான். அந்த மனுஷன் பாக்கறது இவன் போட்டிருக்கற நல்ல துணியையும் கழுத்துச் சங்கிலியையும். இதை காசு குடுத்து வாங்கினியா, இல்ல நீ கொன்னவன் கழுத்துல இருந்து எடுத்தியான்னு கேக்கறாரு. காசு குடுத்து வாங்கறது அந்தத் தீவுல கேவலம். அவரே அந்தச் சங்கிலிய அறுத்து எடுக்கறாரு. நெட் ஸ்டார்க் உன்னப் பொண்ணா மாத்தி அனுப்பிட்டானாங்கற மாதிரி பேச்சு வேற. விண்டர்ஃபெல்ல அவன் கிரேஜாய், தீவுக்கு வந்தா அவன் ஸ்டார்க், ரெண்டு இடத்துலயும் அவன் வெளியாள்.

அடுத்து வர்றதுதான் எனக்கு இந்தக் கதையிலயே முக்கியமான இடம். அப்பா வடக்குமேல படையெடுக்கப் போறாருன்னு தெரிஞ்சதும் தியோன் ராத்திரி உக்காந்து ராப்புக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதறான். எழுதி முடிச்சிடறான். அப்புறம் அந்தக் கடுதாசியை மெழுகுவத்தில காட்டிக் கொளுத்தறான். வசனமே கிடையாது. துரோகம் பண்ணணும்னு முடிவு எடுத்த நிமிஷமும் அதுக்காக வருத்தப்படற நிமிஷமும் ஒண்ணேதான்னு அந்த ஒரு சீன்ல தெரிஞ்சிடுது. நாம பொதுவா என்ன நெனக்கறோம், முதல்ல தப்பு பண்ணுவான், அடி வாங்குவான், அப்புறம் திருந்துவான்னு. தியோன் அப்படி இல்ல, அவனுக்கு முதல்லயே தெரியும். தெரிஞ்சே போறான், ஏன்னா பெத்த அப்பன் ஒரு தடவயாவது மகனேன்னு பாக்கணும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு கேட்டு வளர்ந்தவங்க நாம, அதனால இந்த இடத்துல தியோன் மேல நமக்கு வர்ற கோவம் கொஞ்சம் கூடுதலாவே இருக்கும்னு நினைக்கறேன். ஆனா பணயக்கைதியா பிடிச்சுட்டுப் போனவங்க போட்ட சோத்துக்குக் கடன் இருக்கா? எனக்கு இதுல ரொம்ப நாள் தடுமாற்றம் இருந்துச்சு. நெட் ஸ்டார்க் நல்ல மனுஷன்தான், ஆனா தேவப்பட்டா அந்தப் பிள்ளை தலைய வெட்ட வேண்டியவரும் அவர்தான். இப்ப எனக்குத் தோணறது, நெட்டுக்கு அவன் கடன்பட்டிருக்கானான்னு தெரியாது, ராப்புக்கு நிச்சயமா பட்டிருக்கான். ஏன்னா ராப் அவனைக் கைதியா பாத்ததே இல்ல, ‘இப்பவும் எப்பவும்’னு சொன்னது அவன்தான்.

தியோன் கொஞ்ச ஆளுங்களோட போயி விண்டர்ஃபெல்லையே பிடிச்சிடறான். கோட்டையில இருக்கறது ராப்போட தம்பிங்க, நடக்க முடியாத சின்னப் பையன் பிரானும் அவனுக்கும் சின்னவன் ரிக்கானும்தான். பிரான் கேக்கறான், இத்தன நாளும் எங்களை வெறுத்துட்டேதான் இருந்தியா? தியோன் பதில் சொல்லல. இருந்தாத்தானே சொல்றதுக்கு. வெறுப்புல பண்ணியிருந்தா அவனுக்கு எவ்ளோ லேசா இருந்திருக்கும்.

அப்புறம் கிழவர் சர் ரோட்ரிக். இவனுக்கெல்லாம் வாள்வித்தை சொல்லிக்குடுத்த மனுஷன், இவன் மூஞ்சில துப்பறாரு. சுத்தி நிக்கற தீவுக்காரங்க இவன் என்ன பண்றான்னு பாத்துட்டு நிக்கறாங்க. தலைய வெட்டறான், மழை கொட்டுது, ஒரு வெட்டுல விழல, மறுபடி வெட்டறான், மறுபடி, கடைசில காலால உதைக்க வேண்டியிருக்கு. முதல் எபிசோட்ல நெட் ஒருத்தனை ஒரே வீச்சுல வெட்டறது ஞாபகம் இருக்கறவங்களுக்கு இந்த சீன் ரெண்டு மடங்கா வலிக்கும். சாகறதுக்கு முன்னாடி ரோட்ரிக் சொல்றாரு, கடவுள்தான் உன்னக் காப்பாத்தணும் தியோன், இப்பதான் நீ உண்மையிலயே தொலைஞ்சு போயிட்ட.

பிரானும் ரிக்கானும் தப்பிச்சு ஓடிடறாங்க. பசங்ககிட்ட ஏமாந்தோம்னு ஊர் சிரிக்குமேன்னு தியோன் ஒரு பண்ணையில இருந்த ரெண்டு பசங்களைக் கொன்னு, அடையாளம் தெரியாம எரிச்சு, இவங்கதான் ஸ்டார்க் பசங்கன்னு கோட்டை வாசல்ல தொங்க விடறான். இந்த ரெண்டு பசங்களை ஞாபகம் வச்சுக்கோங்க. நான் இதை எழுத உக்காந்ததே பாதி அவங்களுக்காகத்தான்.

சீசன் 2 கடைசில விண்டர்ஃபெல்லைச் சுத்தி எதிரிப்படை நிக்குது, வெளிய ஒருத்தன் ராத்திரி பூரா கொம்பு ஊதிட்டே இருக்கான். கோட்டையோட ஆலோசகர், கிழவர் லூவின் தியோன்கிட்ட சொல்றாரு, ரகசிய வழி இருக்கு, தப்பிச்சு வடக்கே எல்லைச் சுவரைக் காவல் காக்கற படைக்குப் போயிடு, அங்க கறுப்பு உடை போட்டவனோட பழைய பாவத்தை யாரும் கேக்க மாட்டாங்க, நீ நடிக்கற அளவுக்குக் கெட்டவன் இல்ல, இன்னும் இல்ல. தியோன் சொல்ற பதில் என்னன்னா, நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம், ஆனா வேற ஆளா நடிக்க முடியாத அளவுக்கு நான் ரொம்ப தூரம் வந்துட்டேன். துரோகத்தைப் பத்தி இந்த சீரிஸ்ல வர்ற வசனங்கள்லயே இதுதான் எனக்கு ரொம்ப உண்மையானதாத் தெரியுது. முதல் தப்பு பாசத்துக்காக, ரெண்டாவது தப்பு முதல் தப்பை நியாயப்படுத்த, மூணாவது தப்பு ரெண்டாவதை மறைக்க, இப்படி ஒண்ணொண்ணா ஏறிட்டே போயி திரும்பிப் பாத்தா கதவு கண்ணுலயே படல. நிஜ வாழ்க்கையிலயும் துரோகம் பண்றவங்க பெரும்பாலும் இப்படித்தான் போறாங்கன்னு நம்பறேன், முதல் நாளே பிளான் போட்டுப் பண்றவங்க கம்மி.

பிளான் போட்டுப் பண்றவங்களும் இந்தக் கதையில இருக்காங்க. அதே ராப்பை அவனோட கூட்டாளிங்களா இருந்த வால்டர் ஃப்ரேவும் ரூஸ் போல்டனும் கல்யாண விருந்துல வச்சுக் கொல்றாங்க, 2013 ஜூன்ல வந்த ரெட் வெட்டிங் எபிசோட், உலகம் பூரா ஜனங்க டிவி முன்னாடி அழுத வீடியோ எல்லாம் வந்துச்சே. அவங்க ரெண்டு பேருக்கும் ஒரு துளி வருத்தம் கிடையாது, கணக்குப் போட்டாங்க, கொன்னாங்க, பதவி வாங்குனாங்க. அவங்கள வெறுக்கறது ரொம்ப சுலபம், வெறுத்துட்டு நிம்மதியாத் தூங்கலாம். தியோன்தான் நம்மளத் தூங்க விடமாட்டான்.

அப்புறம் ராம்சே கையில சிக்கறான். ஆரம்பத்துல ராம்சே யாருன்னே அவனுக்குத் தெரியாது, காப்பாத்த வந்த ஆள்னு நம்பி இருட்டுல நடந்துட்டே மனசுல இருக்கற எல்லாத்தையும் கொட்டறான். அந்தப் பசங்க பிரானும் ரிக்கானும் இல்லன்னு சொல்றான். என் உண்மையான அப்பா தலைநகர் கிங்ஸ் லேண்டிங்ல தலையை இழந்துட்டாரு, நான் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன், தப்பானதத் தேர்ந்தெடுத்துட்டேன்னு சொல்றான், நெட்டைத்தான் சொல்றான். இதை கவனிக்கணும், சித்திரவதையால அவன் திருந்தல, அதுக்கு முன்னாடியே மனசார ஒத்துக்கிட்டான். வாழ்க்கையிலயே முதல் தடவ முழு உண்மையை ஒருத்தன்கிட்ட சொல்றான், அந்த ஒருத்தன் அவனை மறுபடி கூட்டிட்டு வந்து அதே சிலுவையில கட்டறான்.

சீசன் 3 முழுக்க அந்தச் சித்திரவதை வரும். அது தேவைக்கு மேல போயிடுச்சுன்னுதான் இன்னைக்கும் சொல்வேன். மூல நாவல் வரிசையில இந்தக் கொடுமை எதையும் நேரடியாக் காட்டவே மாட்டாங்க, ரெண்டு புத்தகம் ஆளையே காணோம், 2011ல வந்த அஞ்சாவது புத்தகத்துல இருட்டறையில எலியைத் தின்னுட்டிருக்கற ஒரு ஜீவன் வரும், அத்தியாயத்தோட தலைப்பு ‘ரீக்’. அடுத்தடுத்த அத்தியாயங்கள்ல தலைப்பு மாறிட்டே போயி கடைசி அத்தியாயத்துக்குத்தான் ‘தியோன்’னு அவன் பேரே தலைப்பா வரும். அந்த ஒரு விஷயத்துக்காக எழுதுன மனுஷனைக் கும்பிடலாம். டிவில அந்த வசதி இல்ல, ஆனா அவங்களுக்கு ஆல்ஃபி ஆலன் இருந்தாரு. தோளைக் குறுக்கி, கண்ணத் தரையில வச்சு, யாராவது கையைத் தூக்குனாலே உடம்பு பூரா சுருங்கற மாதிரி நடிச்சிருப்பாரு, அக்கா யாரா படையோட காப்பாத்த வரும்போது நாய்க்கூண்டை விட்டு வரமாட்டேன்னு அவளையே கடிக்கற சீன்ல நடிப்புன்னே தோணாது. 2019ல எம்மிக்கு நாமினேட் ஆனாரு, கிடைக்கல, எனக்கு அது இன்னும் ஆறல.

ஆனா சித்திரவதை சீன்கள் என்கிட்ட ஒரு வேலை பண்ணுச்சு. சீசன் 2ல இவனுக்கு நல்லா வேணும்னு நெனச்ச அத்தன பேரும் சீசன் 3ல போதும் விட்டுடுங்கடான்னு கெஞ்சற நிலைமைக்கு வந்தாங்க. அங்கதான் ஒரு குழப்பமும் வந்துச்சு. இவ்ளோ பட்டுட்டானே, கணக்கு நேராயிடுச்சு இல்லன்னு ஒரு நெனப்பு பல பேர்கிட்ட இருக்கு, இப்பவும் யார்கிட்டயாவது தியோனைப் பத்திப் பேசுனா இதத்தான் சொல்வாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்ல. ராம்சே அவனை அடிச்சது ராப்புக்காக இல்ல, ரோட்ரிக்குக்காக இல்ல, அந்தப் பசங்களுக்காக இல்ல, தன்னோட சந்தோஷத்துக்காக. இவன் பட்ட வலில இருந்து ஒரு துளிகூட அவங்ககிட்ட போய்ச் சேரல. வலி ஒரு பக்கம், கடன் ஒரு பக்கம், ரெண்டும் வேற வேற. நல்ல வேளையா தியோனுக்கு இது தெரிஞ்சிருக்கு.

சீசன் 5ல நெட்டோட மக சான்ஸாவை ராம்சேக்கு கட்டி வைக்கறாங்க, அவ பொறந்த அதே விண்டர்ஃபெல்ல. என் தம்பிங்களைக் கொன்னவன்தானே நீன்னு அவ போட்டு உலுக்கும்போது, ரீக் தன்னை மீறி உண்மையச் சொல்லிடறான், அது பிரானும் ரிக்கானும் இல்ல, பண்ணைப் பசங்கன்னு. அவளுக்கு அது சந்தோஷச் செய்தி, தம்பிங்க உயிரோட இருக்காங்க! அவனுக்கு அது கொலை ஒப்புதல். ஒரே வாக்கியம், கேக்கறவளுக்கு உயிர் வருது, சொல்றவனுக்கு உயிர் போகுது. இந்த மாதிரி எழுதற ஆளுங்க எப்படி கடைசி சீசன்ல அப்படி அவசரப்பட்டாங்கன்னு நெனச்சா வருத்தமா இருக்கு.

கடைசில அவன் ராம்சேயோட காதலி மிராண்டாவை மதில்ல இருந்து தள்ளிவிட்டுட்டு சான்ஸா கையைப் பிடிச்சுட்டுக் குதிக்கறான். பனியிலயும் ஆத்துலயும் ஓடித் தப்பிச்சு பிரியென்ங்கற வீராங்கனை வந்து காப்பாத்துனப்புறம், சான்ஸா சொல்றா, சுவருக்கு வா, எங்கண்ணன் ஜான் இருக்கான், கறுப்பு உடை போட்டா எல்லாக் குத்தமும் மன்னிக்கப்படும்னு. எனக்கு மன்னிப்பு வேணாம்னு சொல்றான். உங்க குடும்பத்துக்கு நான் பண்ணதுக்கு என்னால என்னைக்கும் ஈடு கட்ட முடியாதுங்கறான். லூவின் காட்டுன அதே வழி, அப்ப பயத்துல மறுத்தான், இப்ப தெளிவுல மறுக்கறான். மன்னிப்பு கேக்கறதுலகூட ஒரு சுயநலம் இருக்கு, கேக்கறவனோட பாரம் குறையணுங்கற ஆசை. அவன் அந்தப் பாரத்தைக் குறைக்க விரும்பல, அது தன்னோடதுன்னு வச்சுக்கறான். இந்த ஒரு வசனத்துக்கப்புறம் தியோன் மேல எனக்கு இருந்த கோவம் மரியாதையா மாறுச்சு.

அதுக்காக ஒரேயடியா வீரனாகிடல. சீசன் 7ல சித்தப்பா யூரான் யாரா கழுத்துல கோடாலிய வச்சுட்டு வாடான்னு கூப்பிடறான், தியோன் கண்ணுல பழைய ரீக் வந்துடறான், கடல்ல குதிச்சுத் தப்பிச்சிடறான். நிறைய பேருக்கு இது பிடிக்கல, இத்தன சீசன் வளர்த்துட்டு மறுபடி கோழை ஆக்கிட்டாங்கன்னாங்க. எனக்கு இது சரியாத்தான் பட்டுச்சு. அவ்ளோ அடி வாங்குன உடம்புக்கு மனசோட முடிவெல்லாம் தெரியாது.

அந்த சீசன் கடைசில டிராகன்ஸ்டோன் கோட்டையில ஜான் ஸ்னோவும் இவனும் பேசறது ஒண்ணு இருக்கு. நீ எப்பவும் சரியானதையே பண்றியே, நான் ஸ்டார்க்கா கிரேஜாயான்னு தேர்ந்தெடுக்க வேண்டியிருந்துச்சுங்கறான். ஜான் சொல்றான், எங்கப்பா உங்கப்பாவை விட உனக்கு அப்பாவா இருந்தாரு, நீ அவருக்குத் துரோகம் பண்ண, ஆனா அவரை நீ இழந்துடல, அவர் உனக்குள்ள இருக்காரு, நீ தேர்ந்தெடுக்க வேண்டியதில்ல, நீ கிரேஜாயும்தான், ஸ்டார்க்கும்தான். அந்தப் பேச்சுக்கு நடுவுல ஜான் இன்னொண்ணு சொல்றான், எல்லாத்தையும் மன்னிக்கறது என் இடம் இல்ல, ஆனா நான் மன்னிக்கக்கூடியதை நான் மன்னிக்கறேன்னு. எவ்ளோ கவனமான பேச்சு பாருங்க! ராப் சார்பா ஜான் பேசல, செத்தவங்க சார்பா பேசல, தனக்குப் பாத்தியப்பட்ட பங்கை மட்டும் குடுக்கறான். துரோகத்தை மன்னிக்கறதப் பத்தி இதைவிட நேர்மையா ஒரு டிவி சீரிஸ்ல நான் கேட்டதில்ல.

அதனாலதான் 2019 ஏப்ரல் 28 அன்னைக்கு வந்த ‘லாங் நைட்’ எபிசோட்ல எனக்கு மனசு ஒட்டல. அழுதேன், அது வேற. அதுக்கு முந்துன எபிசோட்ல தியோன் விண்டர்ஃபெல்லுக்குத் திரும்பி வந்து, உங்களுக்காகச் சண்ட போட அனுமதி குடுங்கன்னு சான்ஸாகிட்ட கேக்கறான், அவ ஓடிவந்து கட்டிக்கறா. பிரானுக்கு நான் காவல் இருக்கேன்னு தானே கேட்டு வாங்கிக்கறான், எந்தப் பையனோட வீட்டைப் பிடிச்சானோ அதே பையனுக்குக் காவல். ‘லாங் நைட்’ல, செத்தவங்களோட படை வரும்போது, அம்பு தீர்ற வரைக்கும் நின்னு அடிக்கறான். மன்னிப்பு கேக்க வாயெடுத்தப்ப பிரான் தடுத்து, நீ செஞ்ச எல்லாமும்தான் உன்ன இங்க கொண்டு வந்துச்சு, நீ இருக்க வேண்டிய இடத்துக்கு, வீட்டுக்குங்கறான். கடைசில அந்தப் படையோட தலைவன் நைட் கிங் எதிர்ல நிக்கும்போது, தியோன், நீ நல்ல மனுஷன், நன்றின்னு பிரான் சொல்றான். ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சே தியோன் ஈட்டியைத் தூக்கிட்டு ஓடறான், சாகறான். அடுத்த எபிசோட்ல சிதையில கிடக்கற அவன் நெஞ்சுல சான்ஸா ஸ்டார்க் வம்சத்து ஓநாய்ச் சின்னத்தைக் குத்தி விடறா.

சான்ஸா குத்துன அந்தச் சின்னம் எனக்கு சம்மதம், அவ குடுக்க உரிமையுள்ளது அது. பிரான் சொன்னதுதான் உறுத்துது. நீ செஞ்ச எல்லாமும்னா, அந்த ரெண்டு பசங்களை எரிச்சதும் வீட்டுக்கு வர்ற வழில ஒரு படிக்கட்டா? வேற யாராவது இதைச் சொல்லியிருந்தா மறந்துட்டாங்கன்னு விட்டுடலாம். ஆனா அந்தப் பசங்க அனாதைங்க, ஆடு மேய்க்கற ஒரு மனுஷன் என் பசங்க போருக்குப் போயிட்டாங்க, உதவிக்கு ஆள் இல்லன்னு வந்து நின்னப்ப, ரெண்டு அனாதைப் பசங்க இருக்காங்க கூட்டிட்டுப் போங்கன்னு அவங்களை அங்க அனுப்பி வச்சதே பிரான்தான். சீசன் 2லயே வருது அது. தனக்குப் பதிலாத்தான் அவங்க செத்தாங்கன்னு தெரிஞ்சப்ப அந்தச் சின்னப் பையன் நொறுங்கிப் போனதையும் காட்டுனாங்க. அப்புறம் நடந்தது எல்லாத்தையும் பாக்கற சக்தி அவனுக்கு வருது, அத்தன பேரோட கடந்த காலமும் அவன் கண்ணு முன்னாடி. அவன் ஒருத்தன்தான், தியோன் காவல் நின்ன அந்த மரத்தடியில, அவன்கிட்ட அந்தப் பசங்களைப் பத்திப் பேசியிருக்க முடியும். ரெண்டு பேர் மனசுலயும் பாரமா இருக்க வேண்டிய விஷயம் அது. கேட்டிருந்தா தியோன் ஓடியிருக்க மாட்டான், சான்ஸாகிட்ட மன்னிப்பு வேணாம்னு சொன்ன ஆளு அவன், ஆமான்னு தலை குனிஞ்சு கேட்டிருப்பான், கேட்டுட்டு அதே ஈட்டியைத் தூக்கிட்டு ஓடியிருப்பான்.

அந்த எபிசோட் மொத்தம் 82 நிமிஷம், பாதி நேரம் திரையில என்ன நடக்குதுன்னே தெரியாத இருட்டு. அதுல ஒரு ரெண்டு நிமிஷத்தை அந்தப் பசங்களுக்குக் குடுத்திருக்கலாம்.